கம்ப்ரஸர் ஓடும்போது

இதை நான் நேரில் பார்க்கவில்லை. 'ஆயிரமடி' என்ற பாட்டுக் குழுவில் தவில் வாசிக்கும் மாரப்பன் என் அறைத்தோழனுக்கு மாமா. அவர் சொல்லி அவன் சொன்னது. பிறகு நானே மாரப்பனைப் பார்த்துக் கேட்டபோது, அவன் சொன்னதில் இரண்டு இடங்களைத் திருத்தினார். இதில் வரும் பேச்செல்லாம் அவருடைய ஞாபகத்தில் இருந்த பேச்சு.

குழுவின் தலைவன் பூபதி. ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் வண்டியில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று பல வருடம் சுற்றியவன். வண்டியில் இருந்தபோதே ஒரு பழைய கிட்டார் வாங்கினான். ஊருக்கு வந்தால் நேராக அர்த்தநாரியிடம் போய் உட்காருவான்.

அர்த்தநாரி அவனைவிட நாலு வயதுதான் மூத்தவர். அவரும் ஒரு காலத்தில் சொந்தமாகப் பாட்டுக் கட்டி மேடையில் பாடியவர். ஒருநாள் பாடுவதை விட்டுவிட்டார். இப்போது மைக் செட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிறார். ஏன் விட்டீர்கள் என்று யாராவது கேட்டால், "தொண்டை சரியில்லை" என்பார். பேசும்போது தொண்டை நன்றாகத்தான் இருக்கும்.

பூபதி எந்தப் பாட்டுக் கட்டினாலும் முதலில் அவரிடம்தான் பாடிக் காட்டுவான். பிடித்தால் தலையாட்டுவார். பிடிக்காவிட்டால் டீ வாங்கிவரச் சொல்வார். முதல் வருடம் நிறைய டீ குடித்தார்கள்.

டீசல் வாடை, தண்ணீர் வராத குழி, பல மாதம் கழித்து வந்த அப்பனைப் பார்த்து மிரண்டு அழும் குழந்தை. பூபதியின் பாட்டெல்லாம் இப்படித்தான். கோயில் திருவிழாக்களில் கூப்பிட்டார்கள். அப்புறம் வெளியூர்களில் கூப்பிட்டார்கள். ஆனால் குழுவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது லோகு பாட்டுதான். அந்த ஒரு பாட்டை மட்டும் அவன் அர்த்தநாரியிடம் பாடிக் காட்டவில்லை.

லோகு அவனோடு ஒரே வண்டியில் வேலை செய்தவன். ராஜஸ்தானில் ஒரு காட்டில் குழி போட்டுக்கொண்டிருந்தபோது, கொக்கியிலிருந்து துளை போடும் இரும்பு ராடு நழுவி அவன் நெஞ்சில் விழுந்தது. உடலைக் கொண்டுவந்து வீட்டில் சேர்த்தவன் பூபதி. அதற்குப் பிறகு அவன் வண்டிக்குப் போகவில்லை.

பாட்டில் இப்படி வரும்:

"இரும்பு சாஞ்ச நேரத்துல
எங்க லோகு சொன்ன சொல்லு
அம்மா..."

அந்த இடத்தில் பூபதி நிறுத்திவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவான். பையன்கள் போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று கத்துவார்கள். முடிந்ததும் "ஒன்ஸ் மோர்" என்பார்கள். லோகு மறுபடியும் சாவான்.

முன்வரிசையில் லோகுவின் அம்மா பாவாயி உட்கார்ந்திருப்பார். எங்கள் பக்கம் யாராவது கூப்பிட்டால் 'ஏன்' என்றுதான் பதில் சொல்வோம். கூட்டம் கத்தி அடங்கும்போது பாவாயி தனக்குள் சொல்வதுபோல, "ஏஞ்சாமி" என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

ஒருநாள் மேடைக்குப் பின்னால் வந்து கேட்டார்.

"பூபதி, மெதுவா கூப்பிட்டானா, சத்தமாவா?"

"சத்தமாத்தானுங்ம்மா."

"நீ பாடறயே, அந்த மாதிரியா?"

"ஆமாங்ம்மா."

"சின்னதுல பாம்பைக் கண்டாலும் அப்படித்தான் கத்துவான்" என்று பாவாயி சிரித்தார். "நான் ஓடிப்போறதுக்குள்ள அவனே அடிச்சுப்போட்டு நிப்பான்."

சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. லோகு பாட்டைப் பதிவு செய்து வீடியோவோடு வெளியிடுகிறோம் என்றார்கள். அவர்கள் பிடிவாதமாகக் கேட்டது ஒன்றுதான். அந்த வரி வரும்போது கேமரா பாவாயியைக் காட்ட வேண்டும், அவர் "ஏஞ்சாமி" என்று சொல்ல வேண்டும்.

"தம்பி, பாட்டே அதுலதான் இருக்கு" என்றார் வந்தவர்.

பாவாயி உடனே ஒப்புக்கொண்டார். பூபதியை வீட்டுக்கு வரச்சொல்லி இரண்டு சேலைகளை எடுத்துக் காட்டினார்.

"எதைக் கட்டட்டும்? இது லோகு வடக்க இருந்து எடுத்தாந்தது. கொஞ்சம் வெளுத்துப்போச்சு."

பூபதி எழுந்து வெளியே வந்தான். படப்பிடிப்புக்கு வெள்ளிக்கிழமை வரை நாள் இருந்தது. மறுநாள் மத்தியானம் அர்த்தநாரியின் கொட்டகைக்குப் போனான். ஸ்பீக்கர் ஸ்டாண்டு வாங்க மாரப்பனும் கூடப் போனார்.

அர்த்தநாரி ஜெனரேட்டரைத் திறந்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கோணும்."

"கேளு."

"பாட்டுல ஒரு வரி நெசமில்லைன்னா பாட்டே பொய்யிங்களா?"

மாரப்பன் முந்திக்கொண்டார். "எல்லாப் பாட்டுலயும் நெலா எறங்கி வருது. ஒருநாளாச்சும் வந்திருக்குதா?"

அர்த்தநாரி சிரிக்கவில்லை. "எந்த வரி?" என்றார்.

"லோகு பாட்டுங்ணா. அம்மாங்கற எடம்."

அர்த்தநாரி ஜெனரேட்டரை மூடினார். சாவியைத் திருப்பினார். கொட்டகையின் தகரமெல்லாம் அதிர்ந்தது. பூபதிக்கு நேராக வந்து நின்று, அவன் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. பக்கத்தில் நின்ற மாரப்பனுக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

போய் நிறுத்திவிட்டு வந்தார்.

"என்ன சொன்னேன்?"

"கேக்கலைங்ணா."

"கேட்ட மாதிரி ஒரு பாட்டுக் கட்டு."

பூபதி தரையைப் பார்த்தான். "மொதல்லயே தெரியுங்களாண்ணா?" என்றான்.

"ரிக்கு வண்டி கம்ப்ரஸர் இதைவிட நாலு மடங்கு கத்தும். வண்டிக்குப் போயிட்டு வந்த அத்தனை பேருக்கும் தெரியும்."

"ஒருத்தரும் கேக்கலையேங்ணா."

"பாவாயக்கா முன்னால உக்காந்திருக்குது. எவன் கேப்பான்?"

போர்வெல் வண்டியில் கம்ப்ரஸர் ஓடும்போது வாயால் பேச முடியாது. கைதான் பேசும். கையைக் கவிழ்த்தால் இறக்கு. முஷ்டியை மூடினால் நிறுத்து. விரலை மேலே நீட்டி ஆட்டினால் தூக்கு.

"நெசமா என்ன பண்ணுனான்?" என்றார் அர்த்தநாரி.

பூபதி விரலை மேலே நீட்டி ஆட்டிக் காட்டினான்.

"நீ?"

"ஒரே தூசிங்ணா. கை மட்டுந்தான் தெரிஞ்சுது. ராடைத் தூக்கச் சொல்றான்னு நெனச்சு மெஷினைத் திரும்பிப் பாத்தேன். வேலைக்குக் காட்டறான்னுதான்..." நிறுத்தினான். "மறுபடி திரும்பறப்பவும் கை ஆடிட்டிருந்துச்சு. அப்புறந்தான் புரிஞ்சு ஓடுனேன். எல்லாருமாச் சேந்து தூக்கறதுக்குள்ள கை விழுந்துருச்சுங்ணா."

மாரப்பனால் அங்கே நிற்க முடியவில்லை. ஆனால் நகரவும் முடியவில்லை என்று சொன்னார்.

பூபதி அழுதுகொண்டே கேட்டான். "இதை அந்தம்மாகிட்ட எப்படிங்ணா சொல்றது? தெனமும் போனுல அந்தப் பாட்டைப் போட்டுக் கேக்குது. அந்த எடம் வந்தா ஏஞ்சாமிங்குது. அவங்களுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அந்த வரியை எடுத்துட்டா அவங்க எதுக்குப் பதில் சொல்லுவாங்க? எடுக்காட்டி வெள்ளிக்கிழமை கேமரா முன்னால உக்காத்தி வெச்சு... நீங்களே சொல்லுங்ணா. அதை அவங்ககிட்ட இருந்து நான் புடுங்கறதா?"

அர்த்தநாரி துணியில் கையைத் துடைத்தார். விரலிடுக்குகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"அவன் கை காட்டுனது யாருக்கு?"

"எனக்குங்ணா."

"கூப்பிட்டது உன்னை."

துணியை ஜெனரேட்டர் மேல் போட்டார்.

"பதில் பாவாயக்கா சொல்லிட்டிருக்குது."

அதற்குப் பிறகு பூபதி பாவாயியின் வீட்டுக்குத் தனியாகப் போனான் என்பது மாரப்பனுக்குத் தெரியும். அங்கே என்ன பேசினார்கள் என்பது தெரியாது. நானும் கேட்கவில்லை.

இணையத்தில் தேடிப் பார்த்ததில் நான் கண்டது இது. சென்னைக் கம்பெனி அந்தப் பாட்டை வெளியிடவில்லை. குழுவே தன் பக்கத்தில் வெளியிட்டிருக்கிறது. அதில் பாவாயி இல்லை. 'அம்மா' என்ற சொல்லும் இல்லை. அந்த இடத்தில் தவிலும் கிட்டாரும் நின்றுபோகின்றன. பாடும் குரலில் இல்லாமல், வீட்டில் பேசுவதுபோல, பூபதி "ஏண்டா" என்கிறான். பார்த்தவர்கள் குறைவு. அந்த வரி எங்கே போயிற்று என்று சிலர் கீழே கோபமாகக் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு திருவிழாவில் யாரோ போனில் எடுத்த பழைய பாட்டும் அப்படியே இருக்கிறது. அதைத்தான் நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். கூட்டம் "அம்மா" என்று கத்தி அடங்கும்போது, போனுக்கு மிகப் பக்கத்தில் ஒரு பெண்குரல் கேட்கிறது. இயர்போன் போட்டால்தான் தெரியும்.