வைக்கோல் கட்டுத் தயிர்

"அம்மா, ரெண்டாவது தடவையும் நாத்து வெந்துபோச்சு!"

அய்யாவு மடத்து வாசலில் மூச்சு வாங்க நின்றான். அவன் உள்ளங்கையில் ஒரு தக்காளி நாற்று கிடந்தது. இலையில் இன்னும் பச்சை இருந்தது. வேர் மட்டும் அவித்த கீரை போலக் குழைந்திருந்தது.

மடத்துக்குத் தலைவி வெள்ளையம்மை. அய்யாவைவிட வயதில் சின்னவள். அவளிடம் ஞானம் கேட்கத்தான் அவன் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மலையேறி வந்து, மடத்துக்குப் பக்கத்துப் பாறைமேல் குடிசை போட்டிருந்தான்.

பாறையில் மண் கிடையாது. காய்கறிக்கு வழி என்ன என்று கேட்டதற்கு, மழையில் நனைந்துபோன வைக்கோல் கட்டுகளை வெள்ளையம்மை காட்டினாள். மடத்துப் பசு அவற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இது மேலயே நடலாம்ணே. சாணம் கரைச்சு ஊத்துங்க. ஊறட்டும், வேகட்டும், ஆறட்டும்" என்றாள் அன்றைக்கு.

ஊறட்டும் என்பது வரைக்கும்தான் அய்யாவு காதில் விழுந்தது. அதற்குள் அவன் சாணம் கரைக்கக் கிளம்பிவிட்டான். எதிலும் அப்படித்தான் அவன்.

"ஒரு நாள் குறிச்சுக் குடுங்கம்மா. என்னைக்கு நடணும்?"

"எனக்குத் தயிரே உறைய மாட்டேங்குதுண்ணே" என்றாள் வெள்ளையம்மை.

"நான் நாத்தைக் கேக்குறேன்."

"இந்தக் குளிருக்குப் பால் பாலாவே நிக்குது. என்ன செய்யலாம், சொல்லுங்க."

அய்யாவுக்குச் சுருக்கென்றது. தன் வயிற்றெரிச்சலைச் சொல்ல வந்தால் இவள் தயிர்க்கதை பேசுகிறாளே!

வெள்ளையம்மை உள்ளே போய், பாலில் உறை மோர் விட்டு, மண்சட்டியை மூடித் துணி கட்டி அவன் கையில் கொடுத்தாள்.

"இதை உங்க கட்டுக்குள்ள வைங்க. காலையில கொண்டாங்க."

*

வீட்டில் நிலவரம் சரியில்லை.

அந்தத் தக்காளி, மனைவி சிட்டம்மாள் பிறந்த வீட்டு விதை. அங்கே இப்போது அதை யாரும் போடுவதில்லை. முளைத்ததை அவள் தட்டுகளில் பிரித்து வைத்திருந்தாள். அவற்றில் இரண்டை அய்யாவு, சாணத் தண்ணீரில் ஊறி மக்கும் வைக்கோலின் சூட்டில் அவித்துவிட்டான். மிச்சம் ஒரே ஒரு தட்டுதான்.

சிட்டம்மாள் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

"தேனு, இதுவும் போச்சுன்னா இந்தத் தக்காளி இனி எங்கயும் கிடையாதுன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு."

"அப்பா இங்கதானம்மா நிக்கிறாரு."

"சொல்லு."

மகள் தேன்மலர் சொன்னாள். அய்யாவு தலையைக் குனிந்துகொண்டு கட்டின் நடுவில் வைக்கோலை விலக்கினான். கை உள்ளே போனதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். ஓரத்தில் கொஞ்சம் இதமாக இருந்தது. அங்கே சட்டியைச் செருகினான்.

*

காலையில் துணியை அவிழ்த்தவன் கத்தின கத்தலில் பசு கயிற்றை இழுத்தது.

"தேனு! ஓடியா! கத்தியால வெட்டலாம் போல இருக்கு!"

அந்த மலையில் அப்படி ஒரு தயிரை யாரும் பார்த்ததில்லை. சட்டியைக் கவிழ்த்தாலும் அசையவில்லை. மடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். வெள்ளையம்மை ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"நாளைக்கும் வைங்கண்ணே."

அவ்வளவுதான், குடிசையில் திருவிழா வந்துவிட்டது. கட்டுக்கு ஒரு சட்டி இறங்கியது. தேன்மலர் மலைச்சரிவில் இருந்த கீழ்த்தெருவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "பாறை வீட்டுத் தயிரா?" என்று சனங்கள் பாத்திரத்தோடு வாசலுக்கே வந்தார்கள். சிட்டம்மாள் மோர்க்குழம்பு வைத்தாள். அய்யாவு சாப்பிட்டுவிட்டுக் கையை முகர்ந்தபடியே உட்கார்ந்திருந்தான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஞானத்தையும் மறந்தான், நாற்றையும் மறந்தான்.

விடிந்ததும் முதல் வேலை, கட்டுக்குள் கையை விட்டுப் பார்ப்பது. "அடேங்கப்பா, என்ன சூடு!" என்று சொல்லிச் சிரிப்பது.

அப்படி ஒரு காலையில்தான் தேன்மலர் நாற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இதைப் பாத்தீங்களா?"

நாற்றுகள் ஒல்லியாக நெடுத்து வளைந்திருந்தன. அடி இலைகள் பழுத்திருந்தன. தட்டின் ஓட்டை வழியாக வேர் வெளியே வந்து தொங்கியது.

அய்யாவு சட்டென்று கட்டுக்குள் கையை விட்டான். இன்னும் சுட்டது. நட்டால் வெந்துபோகும். நடாவிட்டால் தட்டிலேயே சாகும்.

*

"அம்மா, கட்டு ஏன் இன்னும் ஆற மாட்டேங்குது?"

வெள்ளையம்மை செருப்பை மாட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே குடிசைக்கு வந்தாள். மூவரையும் வரிசையாக நிற்கச் சொன்னாள்.

"கையை நீட்டுங்க. மோந்து பாக்கணும்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள்.

முதலில் ஒத்துக்கொண்டது அய்யாவுதான். "கொஞ்சூண்டு சாணித் தண்ணிதாம்மா. தினம் காலையில. சூடு குறைஞ்சுட்டா தயிர் போயிருமேன்னு..."

"நான் சாயங்காலம் ஊத்துனேன்" என்றாள் தேன்மலர். "புண்ணாக்குத் தண்ணி. கீழ்த்தெருவுல கேப்பாங்களே."

சிட்டம்மாள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். "நான் மத்தியானம். பசு மூத்திரம்."

"ஏன் தாயி?"

"மோர்க்குழம்பு வச்ச அன்னைக்கு அவர் ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாரும்மா."

அய்யாவு அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"ஒரே வீடு. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலையா?"

"தேனு, நான் அவர்கிட்டப் பேசுறதில்லைன்னு அம்மாகிட்டச் சொல்லு."

வெள்ளையம்மைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு வாசலில் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு மடத்துக்குப் போய்விட்டாள்.

*

வாளி இல்லாத வீட்டில் காத்திருப்பது மட்டும்தான் வேலை.

அய்யாவுக்கு அது பழக்கமில்லாத வேலை. கட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். கை தானாகச் சாணத்துப் பக்கம் போகும். தேன்மலர் "அப்பா!" என்பாள். கை திரும்பி வரும்.

இருந்தாலும் ஒரு சட்டியை மட்டும் அவன் நிறுத்தவில்லை. தினமும் அதே ஓரத்தில் வைத்தான், காலையில் எடுத்துக்கொண்டு மடத்துக்கு ஓடினான். தயிர் தளர்ந்தது. பிறகு கொழகொழவென்று ஆனது. கீழ்த்தெருக்காரர்கள் முகத்தைச் சுளித்து, பாத்திரத்தைத் திருப்பி எடுத்துப்போனார்கள்.

"போச்சா உங்க கைராசி?" என்று ஒருத்தி கேட்டாள்.

அய்யாவுக்கு வலித்தது. இருந்தாலும் சாணத்தைத் தொடவில்லை. தட்டில் நாற்றுகள் தலை சாய்ந்துகொண்டே வந்தன. சிட்டம்மாள் அவற்றுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாள் காலை அய்யாவு கட்டுக்குள் இருந்த சட்டியைத் தொட்டான்.

சட்டி சில்லென்றிருந்தது.

துணியை அவிழ்த்தான். சட்டியைச் சாய்த்தான். பால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தளும்பி ஓடியது. கட்டுக்குள் முழங்கைவரை கையை விட்டான். சூடு ஆறி, ஈரமாக, கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. முகர்ந்தால் முதல் மழை வாசம்!

"உறையலே!"

சட்டியோடு ஓட்டமெடுத்தான். வழியெல்லாம் பால் சிந்தியது. வேட்டி அவிழ்ந்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓடினான்.

"உறையலேம்மா! தயிர் உறையலே!"

கீழ்த்தெருக்காரி ஒருத்தி "ஐயோ பாவம்" என்றாள். அவளைப் பார்த்தும் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு ஓடினான்.

வெள்ளையம்மை சட்டியை வாங்கி எட்டிப் பார்த்தாள். மிச்சமிருந்த பாலை ஒரே மூச்சில் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நாள் குறிச்சுக் கேட்டீங்களேண்ணே" என்றாள்.

அய்யாவு வாயைத் திறப்பதற்குள் பின்னால், பாறையின் மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தான். வைக்கோல் கட்டின் பக்கத்தில், இடுப்பில் நாற்றுத் தட்டோடு சிட்டம்மாள் நின்றாள். தேன்மலர் பக்கத்தில்தான் இருந்தாள். ஆனால் சிட்டம்மாள் அவளைக் கூப்பிடவில்லை.

"ஏங்க, எவ்வளவு ஆழத்துல வைக்கட்டும்?"