அமைச்சர் பிடித்த கொடி

பவழத்தீவு என்ற குட்டி நாடு உலக விளையாட்டுப் போட்டிக்குப் போகாத தடவை இல்லை; பதக்கம் வாங்கிய தடவையும் இல்லை. ஆனாலும் அணிவகுப்பில் அமைச்சர் குணநாயகம்தான் கொடி பிடிப்பார்.

இந்தத் தடவை, போட்டியில் இறங்குகிறவர்தான் கொடி பிடிக்கலாம் என்று புது விதி வந்தது.

பெட்டி தூக்குவது முதல் போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பது வரை அணிக்கு எல்லாமே எடுபிடி செங்கோடன்தான். அமைச்சர் அவனிடம் சீறினார்: "விதியாவது மண்ணாவது! கொடி எனக்கு வரணும். இல்லேன்னா உனக்கு வேலை போச்சு!"

"ஏற்பாடு பண்ணிடறேங்க ஐயா."

அணிவகுப்பில் அமைச்சர் கொடியோடு ஜம்மென்று நடந்து வந்தார். செங்கோடன் கையுறைகளை நீட்டினான்.

"இது எதுக்குடா?"

"குத்துச்சண்டைக்கு உங்க பேரைக் குடுத்துட்டேங்க. நாளைக்குக் காலையில போன தடவை தங்கம் வாங்கினவரோட மோதறீங்க."

கொடியை அப்படியே போட்டுவிட்டு அமைச்சர் வாசலைப் பார்த்து ஓடினார். செங்கோடன் வாய்பிளந்து நின்றான்.

"அடடா, ஓட்டப்பந்தயத்துக்கில்ல பேரைக் குடுத்திருக்கணும்!"