திரும்பிப் பாராத மான்

வெயிலுக்கும் மழைக்கும் பேச்சுவார்த்தை இருந்த காலமாம் அது. முள்ளிப் பொட்டல் என்றொரு புல்வெளி, அதில் ஒரு மான் கூட்டம். பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள். இது செவ்வந்தி என்ற பெண்மானின் கதை.

மான்கள் எப்படி ஓடும் தெரியுமல்லவா? ஒரே பாய்ச்சல், வானத்தைத் தொடுகிற துள்ளல், கொஞ்ச தூரம் போனதும் நின்று ஒரு திரும்பல். பார்க்க அழகுதான். அந்த அழகால்தான் செவ்வந்தி தன் முதல் குட்டியைப் பறிகொடுத்தாள். ஓநாய்கள் துரத்தியபோது குட்டி துள்ளியது, மூச்சு வாங்க நின்றது, திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான்.

அழுது ஓய்ந்தபின் அவள் யோசித்தாள். ஓநாய்க்கு மானின் வேகம் கிடையாது. பிறகு எப்படிப் பிடிக்கிறது? மேட்டில் நின்று நாள்கணக்கில் கவனித்தாள். ஓநாய் துள்ளுவதில்லை, நிற்பதில்லை, திரும்புவதில்லை. ஒரே சீராக ஓடிக்கொண்டே இருக்கிறது.

‘எதிரியானால் என்ன, ஓட்டம் ஓட்டம்தானே’ என்று அன்றே ஆரம்பித்தாள். காலைத் தாழ்வாக எடுத்து மெத்தென்று வைத்தாள். வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டாள். முதலில் வேலமரம் வரை ஓடினாள். கால் பழகியதும் கரட்டுப் பாறை வரை. அதுவும் பழகியதும் ஆற்று வளைவு வரை.

கூட்டத்தின் தலைவன் முறுக்குக்கொம்பன் விழுந்து விழுந்து சிரித்தான். “என்னடி இது, தரையில எதையோ தொலைச்ச மாதிரி ஓடுற? நம்ம இனத்து மானத்தையே வாங்குறியே!”

அவள் மறுநாளும் அதே மாதிரி ஓடினாள்.

மறு கோடையில் இன்னொரு குட்டி பிறந்தது. சரியாக எழுந்து நிற்கக்கூடத் தெரியாமல் புல்லுக்குள் படுத்திருந்தது. அன்றைக்கென்று நான்கு ஓநாய்கள் மோப்பம் பிடித்து வந்தன. கூட்டம் துள்ளிச் சிதறியது. செவ்வந்தி மட்டும் ஓநாய்களின் மூக்குக்கு முன்னால் குறுக்கே புகுந்து ஓடினாள். நான்கும் அவளைத் துரத்தின.

வேலமரத்தருகே கிழட்டு ஓநாய் சாம்பன் கத்தினான்: “அழகி, எங்களுக்காக ஒரு துள்ளு துள்ளேன்!” அவள் துள்ளவில்லை.

கரட்டுப் பாறையருகே குழைந்தான்: “களைச்சுப் போயிட்டியே தாயி, கொஞ்சம் நின்னு மூச்சு வாங்கிக்கோ!” அவள் நிற்கவில்லை.

ஆற்று வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. சாம்பன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான்: “திரும்பிப் பாரு! எங்கள்ல ஒருத்தன் உன் குட்டிகிட்டப் போயிட்டான்!”

தாயல்லவா! கழுத்து தானாகத் திரும்ப முயன்றது. ஆனால் அவள் குளம்பு ஓசையின்றி விழுந்தது, மூச்சு இரையாமல் வந்தது. அதனால் அவள் காது திறந்தே இருந்தது. பின்னால் வரும் காலடிகளைக் கேட்டாள். நான்கு ஓநாய்களும் அங்கேதான் இருந்தன. ஒன்றும் குறையவில்லை.

அவள் திரும்பவில்லை. ஓடினாள்.

ஆற்று வளைவுக்கு அப்பால் ஓநாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்துவிட்டன. “நம்ம ஓட்டத்தை நம்மகிட்டயே கத்துக்கிட்டு நம்மளையே படுக்க வெச்சிட்டாளே மகராசி!” என்றான் சாம்பன். எதிரி வாயால் வந்த பாராட்டு. அவளுக்கு வேறென்ன பட்டம் வேண்டும்?

சுற்றுவழியாக அவள் திரும்பியபோது குட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. முட்டி முட்டிப் பால் குடித்தது.

மறுநாள் காலை முறுக்குக்கொம்பன் வேலமரத்தடியில் வந்து நின்றான். “முதல்ல காலை எப்படி வைக்கணும், சொல்லு” என்றான்.

ஆகவே, பார்ப்பவர் மெச்சுகிற பாய்ச்சலைவிட, எதிரியிடமிருந்தே ஆனாலும் கற்று நாள்தோறும் பழகிய நிதானமே கடைசிவரை கூட வரும்.