எருக்கிலைக் காதும் பச்சைக் குறியும்

"வாங்க முயலாரே! உள்ளே வாங்க!" என்றது கதவு.

வாசலில் நின்றது முயல் இல்லை. நரி!

கொம்பன் என்ற முயல் அதைக் கணினித் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பார்த்தும் நம்ப முடியவில்லை. நரியின் தலையில் இரண்டு எருக்கிலைகள் நிமிர்ந்து நின்றன. எருக்கம்பாலைத் தடவி ஒட்டியிருந்தது. நேற்றுப் பிறந்த குட்டிகூட ஏமாறாது. கதவு ஏமாந்துவிட்டது.

பின்னாலேயே இன்னொரு நரி. அதன் தலையிலும் எருக்கிலை. அதையும் கதவு வரவேற்றது. இரண்டும் உள்ளே வந்ததும் தானாக மூடிக்கொண்டது.



அது காட்டின் ஓரத்தில் யாரோ விட்டுப்போன சோதனைச்சாவடி. ஒரு முன்னறை, ஒரு பின்னறை. கூரையில் சூரியத் தகடு, பின்னறையில் கணினி. 'கதவுக்காவல்' என்ற செயலிதான் வாசல் கதவு, நடுக்கதவு என்ற இரண்டு இரும்புக் கதவுகளையும் பார்த்துக்கொண்டது. முயல் முகம் தெரிந்தால் திறக்கும். வேறு முகம் என்றால் திறக்காது. அதை நம்பித்தான் முயல்கள் அங்கே குடியேறின.

இப்போது முன்னறையில் நரிகள். பின்னறையில் கொம்பனும் அவன் அக்காவின் குட்டிகளும். அக்கா தவிடி மட்டும் வெளியே. மழை வலுப்பதற்குள் புல் கொண்டுவரப் போயிருந்தாள். எந்த நேரமும் திரும்பி வருவாள்.

"மாமா, யாரு வந்தது? அம்மாவா?"

"உஷ்! மூச்சு விடாதீங்க!"

நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது.

"அண்ணே, குட்டி வாசனை தூக்குது!"

"அவசரப்படாதடா. இந்தக் கதவுலயும் கேமரா இருக்கு. உன் காது ஒண்ணு தொங்குது பாரு. முதல்ல அதை ஒட்டு!"

கொம்பன் திரையின் மூலையைப் பார்த்தான். 'தையல்' என்ற செயலி அங்கே பச்சைக் குறி காட்டியது. 'எல்லாம் புதுசு. கவலை வேண்டாம்.'

அது தையல்சிட்டு எழுதிய செயலி. மற்றச் செயலிகளுக்குப் புதுப் பதிப்பு வந்தால் தையலே தேடிக் கொண்டுவந்து போட்டுவிடும். கொம்பன் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை. அதனால்தான் அவனுக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை.

ஆனால் கோடையிலேயே சிட்டு வந்து சொல்லிவிட்டது.

"கொம்பா, தையலை நான் நிறுத்திட்டேன். கூடு கட்டவும் குஞ்சு பார்க்கவுமே எனக்கு நேரம் போதலை. அதைக் கணினியிலிருந்து எடுத்துடு. இனிமே ஒவ்வொரு செயலியையும் நீயே திறந்து, புதுசு வந்திருக்கான்னு பாரு."

"நல்லாத்தானே ஓடுது?"

"ஓடும்டா. ஆனா ஒண்ணும் செய்யாது."

"சொன்னதைச் செய்டா!" என்றாள் தவிடி.

"சரிக்கா, பார்க்கிறேன்."

பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறப்பது எரிச்சல் பிடித்த வேலை. மறுநாள் திரையில் பச்சைக் குறி இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. "பார்த்தியாக்கா, பச்சையாத்தான் இருக்கு! சிட்டு சும்மா பயமுறுத்துது" என்றான். பிறகு அந்தப் பேச்சையே மறந்துவிட்டான். இதுதான் நடந்தது. இதில் நரியின் தந்திரம் பாதிதான்; மீதி கொம்பனின் சோம்பல்.

வலை அடித்த சன்னலில் படபடவென்று சத்தம். தையல்சிட்டு! சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"கொம்பா! நரிங்க எருக்கிலை பறிச்சதைப் பார்த்துட்டுப் பறந்து வரேன். கதவுக்காவல் புதுசுதானே?"

"புதுசுதான்! பச்சைக் குறி இருக்கே!"

"தையல் போட்ட குறியா?"

கொம்பன் திரையின் மூலையை மறுபடி பார்த்தான்.

"அட மடையா! 'புதுசு ஏதாவது உண்டா'ன்னு தையல் என் கூட்டைத்தான் கேட்கும். கோடையிலேயே நான் பதில் அனுப்பறதை நிறுத்திட்டேன். பதில் வரலைன்னா புதுசு ஒண்ணும் இல்லைன்னு நினைச்சு அதுவே பச்சைக் குறி போட்டுக்கும்! இலைக்காதைக் கண்டுபிடிக்கிற பதிப்பு எப்பவோ வந்தாச்சு. நீயே திற! இப்பவே!"

கொம்பன் பாய்ந்தான். கதவுக்காவலைத் திறந்தான். 'புதிய பதிப்பு உள்ளது' என்று பெரிதாக எழுதியிருந்தது. ஒரே ஒரு சொடுக்கு. இத்தனை நாள் செய்யாத வேலை அவ்வளவுதான்.

நீலக் கோடு நகர ஆரம்பித்தது. மழை இருட்டில் சூரியத் தகடு சோர்ந்து கிடந்தது. கோடு ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது.

"ஒட்டிடுச்சு அண்ணே!"

"குனி. கேமராவுக்கு நேரா மூஞ்சியைக் காட்டு."

குட்டிகள் கொம்பனின் வயிற்றுக்குக் கீழே புகுந்துகொண்டன. யாருடைய இதயம் அடிக்கிறது என்றே தெரியவில்லை. கோடு கடைசி வரை போனது.

"நீங்கள் முயல் இல்லை" என்றது கதவு.

அந்தப் பக்கம் உறுமல். இரும்பில் நகங்கள் கீறின. கதவு அசையவில்லை.

"பிழைச்சோம்!" என்று கத்தினான் கொம்பன். "குட்டிங்களா, பிழைச்சோம்!"

"அண்ணே, வாசல் கதவும் திறக்க மாட்டேங்குது! மாட்டிக்கிட்டோம்!"

"கத்தாதடா. உள்ளே இத்தனை குட்டி இருக்குன்னா, தாய் வெளியே இருக்கணும். எப்படியும் வருவா. வாசல் கதவுக்குப் பக்கத்துல சத்தமில்லாம உட்காரு."

கொம்பன் சன்னலுக்குத் தாவினான்.

"சிட்டு! அக்காவைத் தடுத்து நிறுத்து! பறந்து போ!"

சிட்டு மழைக்குள் பாய்ந்தது. கொம்பன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கதவுக்காவலை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் எல்லாக் கதவும் திறந்துகொள்ளும், நடுக்கதவும் சேர்த்து. நிறுத்தாவிட்டால், முயல் முகத்தைப் பார்த்ததும் வாசல் திறக்கும். விசைப்பலகையில் வைத்த கால் அப்படியே விறைத்துப்போனது.

திரையில் தவிடி வந்தாள். புதரிலிருந்து சாவடிப் படிக்கு ஒரே தாவல். வாய் நிறையப் புல். காதை உதறித் தண்ணீரைச் சிந்தினாள். தூரத்தில், மழைத் தாரைகளுக்கு நடுவில், சிட்டு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அது கத்துவது யாருக்கும் கேட்கவில்லை.

"அக்கா, வராதே! அக்கா!"

அவன் கத்தியதும் அவளுக்குக் கேட்கவில்லை. இடையில் இரண்டு இரும்புக் கதவுகள்.

தவிடி கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை கதவு ஏமாறவில்லை. அது முயலேதான். திறந்தது.

"மாமா, அம்மா வந்தாச்சா?"

கொம்பன் மேசைமேல் ஏறி, குட்டிகளுக்குத் தெரியாதபடி திரையைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டான்.

பழகிய கருவியானாலும், செய்தவரே கைவிட்டபின் அது காட்டும் பச்சைக் குறியை நம்பாதே, ஒவ்வொன்றையும் நீயே திறந்து பார்த்துப் புதுப்பி: இதைத்தான் கொம்பனுக்குச் சொன்னார்கள், அவன்தான் செய்யவில்லை.