சாத்திய கதவு

அந்த அரண்மனையில் மத்தள வித்துவான் சபேசனார் வைத்ததுதான் சட்டம். அவருடைய மத்தளங்களுக்குத் தோல் பதப்படுத்தித் தருபவரின் மகள் தையல்நாயகி ஒருநாள் சபைக்கு வந்து, "நானும் வாசிப்பேன், கேளுங்கள் ஐயா" என்றாள்.

சபேசனார் சிரித்தார். "நாங்கள் எதற்குக் கேட்க வேண்டும்? பிறவியிலேயே காது கேளாத நம் இளவரசியாருக்குக் கேட்கும்படி வாசி, பார்ப்போம். முடியாவிட்டால் இனி நீ மத்தளத்தைத் தொடவே கூடாது."

அரசரின் முகம் இருண்டது. 

தையல்நாயகி இளவரசியின் அருகில் போய் உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்து மத்தளத்தின் மரக்கட்டைமேல் வைத்துவிட்டு வாசித்தாள். கொஞ்ச நேரத்தில் இளவரசியின் மறு கை தொடையில் தாளம் போடத் தொடங்கியது. ஓர் அடிகூடத் தப்பவில்லை. அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சபேசனாருக்கு முகம் செத்துப்போனது. "இதை எந்தக் குருவிடம் கற்றாய்?"

"உங்களிடம்தான் ஐயா. நான் கற்க வந்தபோதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தீர்கள். கனத்த கதவு, சத்தம் சரியாக வெளியே வராது. ஆனால் அதிரும். அதில் உள்ளங்கையை வைத்துத்தான் இத்தனை வருஷமும் பாடம் கேட்டேன்."