பர்பரி ரொட்டியில் விரல் பதிந்த கதை

ஒட்டகங்களும் மனிதரைப் போலவே வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கிழக்கு மலைகளைத் தாண்டிப் பாரசீக நாட்டில் ஓர் ஊருக்குக் குல்பேகம் என்றொரு பெண் பிழைக்க வந்தாள். கூட வந்தது ஓர் ஒட்டகம் மட்டும்தான். ஊரார் அவளுக்கு வைத்த பெயர் பர்பரி. எங்கிருந்தோ வந்த நாகரிகம் கெட்டவள் என்று அர்த்தம். நாக்கில் நரம்பில்லாமல் முகத்துக்கு நேரேயே அப்படிக் கூப்பிட்டார்கள்.

அவள் ஊர் எல்லையில் ஓர் அடுப்பு கட்டி, தன் நாட்டு ரொட்டியைச் சுட்டாள். நீளமான, தடித்த ரொட்டி. மாவைத் தட்டி, மேலே மாவுக் கரைசலைப் பூசி, பத்து விரலாலும் அழுத்தி நீளவாக்கில் பள்ளம் இழுத்து, அடுப்பில் தள்ளுவாள். வாசனை கடைத்தெரு வரைக்கும் போயிற்று. முதலில் முகம் சுளித்தவர்களே ஒரு மாதத்தில் அவள் வாசலில் வரிசை கட்டினார்கள். "ரெண்டு பர்பரி குடு" என்பார்கள். அவளுக்கும் அதே பெயர், ரொட்டிக்கும் அதே பெயர், சொல்லும்போது ஓர் இளக்காரச் சிரிப்பு வேறு. தின்கிற வாய்க்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

ஊர் ரொட்டிக்காரர்களுக்கெல்லாம் தலைவர் ஹஷ்மத். தன் கடையில் ஈ ஓட்ட வேண்டி வந்ததும் அவருக்கு வயிறு எரிந்தது. ஆள் விட்டு அவள் செய்கிற விதத்தைப் பார்த்துவரச் சொல்லித் தானும் அதே ரொட்டியைச் சுட ஆரம்பித்தார். அது போதாதென்று, நியாயம் தீர்க்கும் காஜியிடமும் போனார்.

"காஜியாரே, பர்பரி நம்ம ஊர் ரொட்டி. நம்ம மொழியில் 'பர்' என்றால் மேலே. சுட்டதை மேலே மேலே அடுக்குகிறோம். பர், பர், பர்பரி. அந்தப் பெயருக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்? நம்ம ரொட்டியைச் சுட இவள் யார்? அடுப்பை இடிக்கச் சொல்லுங்கள்."

பார்த்தீர்களா அநியாயத்தை? வசவாக இருந்தவரைக்கும் அந்தச் சொல் அவளுக்கு. ருசி தெரிந்ததும் ஊர்ச் சொத்தாம். சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காஜி அவளைக் கூப்பிட்டனுப்பி, "உன் பக்கம் சாட்சி உண்டா, பெண்ணே?" என்றார்.

"என் ஒட்டகம் இருக்கிறது, காஜியாரே. என் அம்மா வீட்டு அடுப்பில் இந்த ரொட்டி வெந்ததை அது கண்ணால் பார்த்திருக்கிறது. அடுப்பை இடித்துவிட்டால் நான் எங்கே போவேன்? திரும்பிப் போக எனக்கு ஊர் கிடையாது."

மறுநாள் காலை எல்லோரும் கூடினார்கள். ஒட்டகம் வருகிற வழியில் ஹஷ்மத் ஒரு கூடை ரொட்டியை வைத்திருந்தார். அது வாய் கொள்ளாமல் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து நின்றது.

"இந்த ரொட்டி யாருடையது?" என்று காஜி மூன்று முறை கேட்டார். ஒட்டகம் அவளைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தபடி மென்றுகொண்டே இருந்தது.

குல்பேகத்துக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "என் பங்குத் தண்ணீரை உனக்கு ஊற்றிப் பாலைவனத்தைக் கடந்து வந்தேன். பேச வேண்டிய நேரத்தில் நீ மென்றாய். இனி மென்றுகொண்டே இரு" என்றாள். அதோடு அதற்கும் அதன் இனத்துக்கும் பேச்சு நின்றுபோயிற்று.

காஜி தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தார். அவள் குறுக்கே புகுந்தாள். "அடுக்குவதால் வந்த பெயர் என்கிறாரே, அவர் சுட்டதை அவரே ஒரு தடவை அடுக்கிக் காட்டட்டும்."

ஹஷ்மத் சிரித்துக்கொண்டே கடையிலிருந்து ரொட்டி கொண்டுவரச் சொன்னார். எல்லாம் அவள் செய்கிறபடிதான் செய்திருந்தார், ஒன்றைத் தவிர. 'அந்தப் பர்பரியின் விரல் கீறல் நமக்கு எதற்கு' என்று மேலே வழவழவென்று தடவிவிடச் சொல்லியிருந்தார். பள்ளம் இல்லாத ரொட்டி அடுப்பில் பந்தாக உப்பியிருந்தது. இரண்டாவதை வைத்தார், ஆடியது. மூன்றாவது உருண்டு காஜியின் காலடியில் விழுந்தது. ஹஷ்மத் வியர்த்துப்போய் மறுபடி மறுபடி வைத்தார். அவள் தன் கூடையைத் திறந்து இருபது ரொட்டியை அடுக்கினாள், ஒன்றும் அசையவில்லை.

"அடுப்பு இவளுடையது, யாரும் தொடக்கூடாது" என்றார் காஜி.

"அப்படியானால் பெயர்?" என்று அவள் கேட்டாள்.

காஜியும் அந்த ஊர்க்காரர்தானே. "பெயர் எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகவில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். தினம் தினம் அவள் முகத்தில் வீசிய சொல், அது தெளிவாகவில்லையாம்.

குல்பேகம் ஹஷ்மத்தைப் பார்த்தாள். "நீங்களும் சுட்டு விற்றுக்கொள்ளுங்கள். பெயருக்கு என்ன கதை வேண்டுமானாலும் கட்டுங்கள். ஆனால் நான் வைத்த மாதிரி கை வைக்காமல் உங்கள் ரொட்டி படியாது."

அன்று முதல்தான் ஒட்டகம் பேச்சின்றி ஓயாமல் மென்றுகொண்டிருக்கிறது. அன்று முதல்தான், பர்பரி என்ற பெயருக்கு ஆளுக்கொரு கதை சொல்லி அவளை மறைக்கிறவர்கள்கூட, மாவின் முன்னால் குனிந்து பத்து விரலையும் பதித்து, அவள் இழுத்த பள்ளத்தையே இழுக்கிறார்கள்.