குளிர்பெட்டியை எந்தப் பிரிவில் வைப்பது

ஏழாம்பாடியில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் சாமான்கள் வாடகைக்கு வருவது மங்களம் வாடகை நிலையத்திலிருந்துதான். அதை நடத்தியவர்கள் மூன்று பேர். மூத்தவர் அங்கமுத்து. அவர் மனைவியின் தம்பி சடையாண்டி. இருவருக்கும் சிநேகிதன் தவசி. மூவருமே சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். அதாவது, யார் எதைச் சொன்னாலும் அந்தச் சொல்லைவிட்டு அரை அங்குலம்கூட விலக மாட்டார்கள். கஷ்டமெல்லாம் அதனால்தான் வந்தது.

வெளியூர்க்காரர்களும் பதிவு செய்யட்டும் என்று ஒரு இணையதளம் ஆரம்பித்தார்கள். சாமான்களைப் பிரித்துப் போடுங்கள் என்று யாரோ சொன்னதால் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒன்று 'பொருட்கள்', இன்னொன்று 'மற்ற பொருட்கள்'. முதலில் ஞாபகம் வந்தவை பொருட்கள். டீ குடித்துவிட்டு வந்தபின் ஞாபகம் வந்தவை மற்ற பொருட்கள். கரண்டி ஒன்றிலும் கரண்டி வைக்கும் வாளி மற்றொன்றிலும் கிடந்தன.

ஆவணி மாத முகூர்த்தத்துக்குப் பக்கத்து ஊர் பொன்னுத்தாய் அம்மாள் தன் மகள் கல்யாணத்துக்காக அந்தத் தளத்தில் தேடினார். ஐஸ்கிரீமும் பன்னீர் சோடாவும் வைக்க ஏதாவது வேண்டும். 'மற்ற பொருட்கள்' பிரிவில், பன்னீர்ச் செம்புக்கும் ஜமுக்காளத்துக்கும் நடுவே 'குளிர்பெட்டி' என்று ஒன்று இருந்தது. பதிவு செய்துவிட்டார்.

இறந்தவரைக் கிடத்தி வைக்கும் பெட்டிக்கு அந்தக் கடையில் வைத்த பெயர் அது.

நலங்கு வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மூவரும் கண்ணாடி மூடி போட்ட அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு கல்யாண வீட்டுக்குள் நுழைந்தார்கள். தவசி வழக்கம்போல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில் மாப்பிள்ளையின் தாய்மாமனிடம் கேட்டான்:

"தலை எந்தப் பக்கம்ங்க வைக்கணும்?"

தாய்மாமன் தன் செருப்பைத் தேடத் தொடங்கினார். அவரைச் சமாதானம் செய்து உட்காரவைத்து, தாலி கட்டி முடிப்பதற்குள் பெண்வீட்டாருக்கு உயிர் போய் உயிர் வந்தது. பொன்னுத்தாய் அம்மாள் சத்தம் போடவில்லை. இனி இந்த வட்டாரத்தில் ஒருவர்கூட உங்களிடம் ஒரு கரண்டி எடுக்கமாட்டார்கள் என்று மட்டும் சொன்னார். அப்படியே ஆயிற்று. முகூர்த்த மாதத்திலேயே அண்டாக்களுக்குள் பல்லி முட்டையிட்டது. அங்கமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

மதுரையில் இணையதளம் ஒழுங்கு செய்து தரும் ரெஜினா என்ற பெண்ணுக்குப் போன் போட்டார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு விளக்கினாள். சாமான்கள் உங்கள் மனதில் ஒரு மாதிரி அடுக்கியிருக்கும், தேடி வருகிறவர் மனதில் வேறு மாதிரி அடுக்கியிருக்கும். ஒரு சுட்டி அனுப்புகிறேன். திரையில் அட்டைகள் வரும். அட்டைக்கு ஒரு சாமான் பெயர் இருக்கும். சேர்ந்து இருக்கவேண்டியதை இழுத்து ஒன்றாக வையுங்கள். வைத்த கூட்டத்துக்கு ஒரு பெயர் கொடுங்கள். ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாதீர்கள். இதில் சரி தப்பு கிடையாது.

அட்டை என்றதுமே சடையாண்டி கால் இரண்டிலும் உப்பைத் தடவிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். மலைக்குப் போனபோது கடி வாங்கியவன் அவன்.

தவசி கம்ப்யூட்டரை மேசையோடு வாசல்வரை இழுத்துவிட்டான். ஒயர் பிடுங்கிக்கொண்டது. எவ்வளவு தூரம் இழுக்கவேண்டும் என்று அந்தப் பொண்ணு சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டான். ரெஜினா மறுபடி போனில் வந்து, இழுக்கவேண்டியது மேசையை அல்ல, மவுஸை வைத்து அட்டையை என்று தெளிவுபடுத்தினாள்.

கலந்து பேசக்கூடாது என்பதைத்தான் மூவரும் மிகவும் மதித்தார்கள். ஒருவர் அடுக்கும்போது மற்ற இருவரும் வெளியே வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அந்தச் சமயம் பார்த்து வெகுநாள் கழித்து ஒரு ஆள் நாற்காலி கேட்டு வந்தார். இருவரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரிய துக்கம்போல என்று நினைத்து அவர் ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரெஜினா முடிவுகளைத் திறந்து பார்த்தாள். அங்கமுத்து 'ஒருத்தர் தூக்குவது', 'ரெண்டு பேர் தூக்குவது', 'சடையாண்டி வந்தால்தான் தூக்குவது' என்று பிரித்திருந்தார். தவசியின் பிரிவுகள் 'உட்காருவது', 'நிற்பது', 'படுப்பது'. படுப்பதில் பாய், தலையணை, குளிர்பெட்டி மூன்றும் இருந்தன. சடையாண்டி எல்லாவற்றையும் ஒரே கூட்டமாக வைத்து 'நம்மளது' என்று பெயர் கொடுத்திருந்தான்.

ரெஜினா மூன்றையும் மூடிவிட்டுப் போன் போட்டாள். பிறகு, இதை நீங்கள் செய்யவேண்டாம், சாமான் எடுத்துப் பயன்படுத்துகிறவர்களிடம் கொடுங்கள் என்றாள். சுட்டி சமையல்காரர்களுக்கும் கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் போயிற்று. அவர்கள் அடுக்கியதில் சமையல், பந்தல், பந்தி என்று எல்லாம் தன்னால் பிரிந்து நின்றது. குளிர்பெட்டி மட்டும் அடங்கவில்லை. பாதிப்பேர் அதைப் பாடையோடு வைத்தார்கள், பாதிப்பேர் ஐஸ்கிரீம் கப்போடு வைத்தார்கள்.

"குளிர்பெட்டியை உபயோகிச்சவங்களையே கேட்டுருங்கண்ணா, அவங்க சொல்றதுதான் முடிவு" என்று சொல்லிவிட்டு ரெஜினா போனை வைத்தாள். துக்க வீட்டுக்காரர்களைத்தான் அவள் சொன்னாள்.

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள்.

"உபயோகிச்சவங்க யாரும் இப்ப ஊர்ல இல்லையேண்ணே" என்றான் தவசி.

"வடக்குத்தெரு கணக்குப்பிள்ளைகிட்ட போன் இருந்துச்சு மாமா. ஆனா இப்ப அடிச்சா மகன்தான் எடுப்பான்" என்றான் சடையாண்டி.

"மகன் உபயோகிக்கலையே" என்றார் அங்கமுத்து கண்டிப்பாக.

கடைசியில் தங்களில் ஒருவர் உபயோகிப்பது என்று முடிவாயிற்று. பெட்டியின் நீளத்துக்குச் சரியாக இருந்தவன் தவசி. கடை வாசலில் பெட்டியை இறக்கி அவனைப் படுக்கவைத்து, கையில் போனைக் கொடுத்து, மூடியை மூடி, சுவிட்சைப் போட்டார்கள். அவன் கண்ணும் கருத்துமாக அட்டைகளை அடுக்கலானான். பக்கத்தில் நின்ற சடையாண்டி பழக்கதோஷத்தில் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டுக் கைகட்டி நின்றான்.

அந்த வழியாகப் போன பூக்காரர் பார்த்தார். நல்ல பையன் என்று சொல்லி மூடியின்மேல் ஒரு மாலையைப் போட்டார். கூட்டம் சேர்ந்துவிட்டது. தவசிக்கு யார் யாரெல்லாம் அழுகிறார்கள் என்று உள்ளிருந்தே பார்க்க முடிந்தது. தன்மேல் இவ்வளவு பிரியமா என்று அழுகிறவர்களை எண்ணத் தொடங்கினான். ஆனால் குளிர் தாங்காமல் கண்ணாடியைத் தட்டினான்.

தெரு காலியாயிற்று. பூக்காரரின் கூடை மட்டும் நின்றது.

மூடியைத் திறந்ததும் தவசி பல் கிடுகிடுக்கச் சொன்னான்: "அண்ணே, இதைப் போர்வையோட வைக்கணும்."

அங்கமுத்து அதை அப்படியே ரெஜினாவிடம் சொன்னார். ரெஜினா 'இறுதிச் சடங்கு' என்று தனிப் பிரிவு வைத்து, 'உடல் வைக்கும் குளிர்பெட்டி' என்று பெயரையும் மாற்றினாள். தளம் கண்ணாடி மாதிரி தெளிவாகிவிட்டது. பொன்னுத்தாய் அம்மாளே மகள் வளைகாப்புக்கு அண்டாவும் தாம்பாளமும் தேடி எடுத்துப் பதிவு செய்தார். அங்கமுத்துவுக்குச் சோறு இறங்கியது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. உபயோகித்தவர் சொல்வதுதான் முடிவு என்று சொன்னது நீதானே அம்மா என்று ரெஜினாவிடம் கேட்டார். அதனால் இன்றைக்கும் அந்தப் பெட்டியின் படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது: 'இதனுடன் கம்பளிப் போர்வையும் எடுத்துக்கொள்ளவும்.'

துக்க வீட்டுக்காரர்களும் தட்டாமல் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு குளிர்கிறது என்று உள்ளே படுத்த ஒருவர்கூடத் தட்டவில்லை என்று அங்கமுத்து பெருமையாகச் சொல்கிறார்.